டிரில் சின்னதுதான், மணிக்கட்டு அதைவிடச் சின்னது

சித்திரை கழிந்து ரெண்டு மழை பெய்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லா விளையிலும், அதாவது தோட்டத்திலும், குழி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சரியாக ஒன்றரை மாதம் கழித்து எனக்கு வேலை வரும். மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். முன்பெல்லாம் நடவுப் பருவம் என்றால் முதுகுப் பிடிப்புதான். இப்போது பிளாஸ்டர் வெட்டிய மணிக்கட்டோடு வருகிறார்கள். கேட்டால், டிரில்லில் ஆகர் (மண்ணைத் துளைக்கிற திருகு அலகு) மாட்டிக் குழி போட்டேன் என்கிறார்கள்.

கடைசியாக வந்தவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வீட்டுக்குப் பின்னால் நாலு மூடு மட்டி வாழை வைக்க நினைத்திருக்கிறார். (2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாருக்கும் மட்டி மேல் ஒரு ஆசை, தப்பில்லை.) மருமகனின் பேட்டரி டிரில், அதில் மூன்று அங்குல ஆகர். வலது கையில் டிரில், இடது கையில் போன். முக்கால் அடி இறங்கியதும் பழைய ரப்பர் வேரில் அலகு கவ்வி நின்றது. அலகு நின்றது, டிரில் சுற்றியது, டிரில்லோடு கையும் சுற்றியது. முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. பால்வெட்டுக் கத்தி பிடிக்கிற கை அது.

"சாரே, பேட்டரி டிரில்லுதானே, இது என்ன செய்யும்ணு நெனச்சேன்" என்றார்.

இதே வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்பது! பெட்ரோலில் ஓடும் ஆகரைக் கண்டால் எல்லாருக்கும் பயம் உண்டு. சத்தம் போடும், புகை விடும், ரெண்டு கையாலும் பிடிக்காமல் நிற்காது. டிரில்லோ வீட்டில் படம் மாட்டுகிற சாமான், அதனால் அலட்சியம். பெட்டியில் வோல்ட் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும் முறுக்குவிசை. 18 வோல்ட் டிரில்லில் 60 நியூட்டன் மீட்டர் சாதாரணமாக இருக்கும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஆறு கிலோவைத் தொங்கவிட்டு, மறுநுனியை நீங்கள் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி ஒரு சாண் தூரத்தில் இருந்தால் அதே முறுக்கு உங்கள் கையில் 27 கிலோவாக விழும். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல்.

அடுத்த வீறாப்பு, "நான் முப்பது வருஷம் கம்பிப்பாரை போட்ட கை." பாரை கல்லில் பட்டால் பாரை நிற்கும், அவ்வளவுதான். அதை ஓங்கியதும் நீங்கள், நிறுத்துவதும் நீங்கள். டிரில்லில் அலகு நின்றாலும் மோட்டார் நிற்காது. நீங்கள் சுதாரித்து சுவிட்சிலிருந்து விரலை எடுக்கக் கால் நொடி ஆகும். நிமிடத்துக்கு 400 சுற்று ஓடும் டிரில்லுக்கு அந்தக் கால் நொடி ஒன்றரைச் சுற்றுக்கு மேல். உங்கள் முன்கை எவ்வளவு வளைந்து கொடுத்தாலும் அரைச் சுற்றுதான் திரும்பும். மீதிக்கு எங்கே போகும்? கைப்பலத்தால் இதை ஜெயிக்க முடியாது. பலசாலிகள் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள், அதனால் இன்னும் மோசமாக முறித்துக்கொண்டு வருகிறார்கள்.

முதலில், பெட்டியிலேயே கிடக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியை எடுத்து மாட்டுங்கள். அது அலங்காரத்துக்குக் கொடுத்ததல்ல. அதை மாட்ட இடமில்லாத டிரில் மண்ணுக்கு வேண்டாம். கியர் ஒன்றில் வையுங்கள். முறுக்கு மிஞ்சினால் அலகை விடுவிப்பது கிளட்ச்; அதன் வளையத்தை டிரில் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, அதனால் சின்ன எண்ணில் தொடங்குங்கள். வயர் டிரில்லில் சுவிட்சைப் பூட்டிவைக்கும் ஒரு பட்டன் இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். கை விட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

குனிந்து குழி போடும்போது அலகு சிக்கினால் டிரில்லின் கைப்பிடி வலப்பக்கம் வீசும். அதனால் கைப்பிடியை வலது தொடையின் உட்பக்கம் அணைத்து நில்லுங்கள், மணிக்கட்டுக்குப் பதில் தொடை தாங்கிக்கொள்ளும். நாலு விரல் ஆழத்துக்கு ஒருமுறை அலகைத் தூக்கி மண்ணை உதறுங்கள். சிக்கிக்கொண்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையால் இடப்பக்கம் திருப்பி எடுங்கள்.

அப்புறம், நம்ம மண். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேலே செம்மண், அதன் கீழே வெட்டுக்கல். ஆகர் இறக்கும் முன்னால் அதே இடத்தில் பாரையால் ஒரு குத்து குத்திப் பாருங்கள். 'ணங்' என்றால் அங்கே டிரில் வேண்டாம். கிணற்று மோட்டாருக்கு வயர் எந்த வழியாகப் போகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பூச்செடி நடவும், தென்னைக்கு ஆறடி சுற்றிலும் உரக்குழி போடவும் இந்த ஆகர் போதும். வாழைக்கு ஒன்றரை அடி, தென்னைக்கு மூன்றடி சதுரக் குழி வேண்டும். அதற்கு மண்வெட்டிதான்.

சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டி, தோளில் துவர்த்து (துண்டு) தொங்க இந்த வேலையைச் செய்யாதீர்கள். தளர்ந்த கையுறையும் வேண்டாம். அலகு துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கை திருகிக்கொண்டால், தயவுசெய்து அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். எலும்புக்குக் கட்டுப் போடும் ஆசானிடம் போவதைக் குறை சொல்ல நான் வரவில்லை, என் தாத்தாவும் கட்டுப் போட்டுத்தான் நடந்தார். ஆனால் முறிவா சுளுக்கா என்று தெரியாமல் எண்ணெய் போட்டுத் தடவிவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தால் எலும்பு கோணலாகக் கூடியிருக்கும். பெருவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அங்கே அமுக்கி வலித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். ஸ்கேபாய்டு என்கிற குட்டி எலும்பின் விரிசல் சில சமயம் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் படத்தில் தெரியும். அதுவரை கையை அசையாமல் கட்டி வைத்திருக்க வேண்டும்.

மோதிரத்தை மட்டும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் புறப்படுங்கள். அரை மணி நேரத்தில் விரல் வீங்கிவிடும், அப்புறம் ஆஸ்பத்திரியில் அதை வெட்டித்தான் எடுப்பார்கள். பால்வெட்டுக்காரருக்கு அப்படித்தான் கல்யாண மோதிரம் போனது. கை ஒடிந்ததைவிட அதைத்தான் இன்னும் அவர் மனைவி பேசிக்கொண்டிருக்கிறார்.