‘உணர்ச்சிக் கருவி’யாம்!

போன ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் பார்க்கின்சன் நோய் பற்றிப் பேச்சு. நன்றாகத்தான் போனது, “ஆபரேஷன் நடக்கும்போதே மூளைக்குள் ரசாயன உணர்ச்சிக் கருவியை விடுவார்கள்” என்று பேச்சாளர் சொல்லும் வரை. பக்கத்து நாற்காலி அக்கா என் காதருகே குனிந்தார்: “மருமக மேல இருக்கிற கோவமெல்லாம் டாக்டருக்குத் தெரிஞ்சிடுமா தம்பி?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ‘உணர்ச்சிக் கருவி’யை இந்த வருடம் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

அவர் சொல்ல வந்தது சென்சார். அது லத்தீன் ‘சென்டிரே’ வழி வந்தது. உணர்தல் என்று பொருள். மலாயில் பெண்டேரியா, டேரியா என்றால் புலன். தமிழில் உணரி. தேங்காய் துருவுவது துருவி, மண் வெட்டுவது மண்வெட்டி, உணர்வது உணரி. முடிந்தது.

உணர்ச்சி என்றால் புலனறிவும்தானே, ‘தொடு உணர்ச்சி’ என்கிறோமே என்பார்கள். சரி. ஆனால் தனியாக ‘உணர்ச்சி’ என்றதும் இன்று யாருக்கும் கோபமும் அழுகையும்தான் நினைவுக்கு வரும். அதிலும் இது டோபமின் என்ற மூளை ரசாயனத்தை அளப்பது. மனநிலையோடு சேர்த்தே பேசப்படும் பொருள் அது. குழப்ப இதைவிட நல்ல இடம் கிடைக்காது!

கருவி செய்வதென்ன? தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கரிநார் (கார்பன் ஃபைபர்) முனை. அதில் நொடிக்குப் பத்து முறை மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறார்கள். அப்போது டோபமின் எலக்ட்ரான்களை இழக்கும்; அந்தச் சிறு மின்னோட்டத்தை வைத்து அளவைக் கணக்கிடுவார்கள். மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவையில் நோயாளி விழித்திருக்கும்போதே இப்படி அளந்த முடிவு 2011இல் வெளிவந்தது. அதில் கோபதாபம் எங்கே வந்தது?

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிராணி (கணக்கர்) மெட்ரோலாக் என்ற மிதவை அளவியை ரப்பர் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். தண்ணீர் கலந்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். அதைப் ‘பாலின் உணர்ச்சிக் கருவி’ என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. மெட்ரோலாக் மெட்ரோலாக்தான்.

பேச்சு முடிந்ததும் பேச்சாளரிடம் போய்க் கேட்டேன். “சனங்களுக்குப் புரியணுமே சார்” என்றார். அந்த அக்கா வீட்டு ஆட்டோகேட்டில் சென்சார் கெட்டால், ஆளுக்குப் போன் போட்டு “சென்சார் வேலை செய்யல, வந்து பாருங்க” என்பவரே அந்த அக்காதான். உணரி வாயில் வரவில்லையென்றால் சென்சார் என்றே சொல்லியிருக்கலாம்.