இஸ்லாமோபோபியா: அச்சமா, காழ்ப்பா?

பிரெஞ்சுப் படையில் இருந்தவரைப் புதுச்சேரியில் இன்னமும் சொல்தா என்றுதான் சொல்கிறோம். செய்திகளில் அடிபடும் 'இஸ்லாமோபோபியா'வுக்கும் தாய்வீடு பிரெஞ்சுதான். 1910-இல், நம்மூரையும் பிரான்ஸ் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா பற்றி எழுதிய அலேன் கெலியன் இதைக் கையாண்டார். இஸ்லாம் மீது மேலைக் கிறித்தவ நாடுகளில் ஊறிப்போயிருந்த தப்பெண்ணத்துக்கு அவர் வைத்த பெயர் இது. ஆங்கிலத்தில் இதைப் பரப்பியது இன சமத்துவத்துக்காக இயங்கும் பிரிட்டனின் ரன்னிமீட் அறக்கட்டளை 1997-இல் வெளியிட்ட அறிக்கை.

'போபோஸ்' என்றால் கிரேக்கத்தில் அச்சம். அதை வைத்துத் தமிழில் 'இஸ்லாம் அச்சம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. முத்தியால்பேட்டையில் என் நண்பர் வாடகைக்கு வீடு கேட்டுப் போனார். முன்பணம் வரை பேசி முடித்தாயிற்று. பெயரைச் சொன்னதும் "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்றார்கள். ஒரு மாதம் கழித்தும் டு-லெட் பலகை அங்கேயே தொங்கியது. இதில் அச்சம் எங்கே இருக்கிறது?

'இஸ்லாமிய வெறுப்பு' என்பதும் குழப்பும். வெறுப்பவர் யார், வெறுக்கப்படுபவர் யார் என்று அதில் தெரியாது. காழ்ப்பு நல்ல சொல். காழ் என்பது மரத்தின் வயிரம். உள்ளே இறுகிப்போன பகை காழ்ப்பு. ஆகவே 'முஸ்லிம்கள் மீதான காழ்ப்பு' என்றே எழுதலாம். மனிதர்கள் மேல் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அந்தத் தெளிவு இல்லாததால்தான் ஊடகங்கள் மேல் இவ்வளவு புகார். இஸ்லாத்தை விமர்சிப்பவர்கள், தங்கள் வாதத்தைக் கேட்காமலே ஊடகங்கள் 'இஸ்லாமோபோபியா' முத்திரை குத்துகின்றன என்கிறார்கள். முஸ்லிம்களோ, தங்களை இழிவுபடுத்துவதற்கு ஊடகங்கள் 'கருத்துச் சுதந்திரம்' என்று பெயரிடுகின்றன என்கிறார்கள். இரண்டும் நடக்கிறது. 2016-இல் வெறுப்புக் குழுக்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான சதர்ன் பாவர்ட்டி லா சென்டர், பத்திரிகையாளர்களுக்கென்றே 'முஸ்லிம் எதிர்ப்புத் தீவிரவாதிகள்' கையேடு ஒன்றை வெளியிட்டது. அதில், தீவிரவாதத்தை எதிர்த்துப் பேசிவந்த பிரிட்டன்காரர் மாஜித் நவாஸ் பெயரும் இருந்தது. அவரே ஒரு முஸ்லிம்! 2018-இல் அந்த அமைப்பு அவரிடம் மன்னிப்புக் கேட்டு 33.75 லட்சம் டாலர் கொடுத்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், அரசியல், சமூகச் செய்திகளில் 'போபியா'ச் சொற்களைத் தவிர்க்கும்படி 2012-இல் தன் நிருபர்களுக்குச் சொல்லியிருந்தது.

அப்புறம், நம் செய்தியாளர்கள். வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினைப் பற்றி எழுதும்போது 'மத விமர்சகர்' என்று போட்டு, அவர் சொன்னதை அப்படியே கொடுங்கள். அந்த டு-லெட் பலகைச் செய்திக்கு மட்டும் காழ்ப்பு என்று போடுங்கள்.