ரிட்டுக்ஸிமாப் ஊசிக்கு முன் ஆன்டி-எச்பிசி பார்த்தாயிற்றா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குக் கீமோவுக்குப் போகிறவர்களின் ஃபைலில் ‘எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும்; ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் தென்படவில்லை என்று பொருள். ரிட்டுக்ஸிமாப் போடப்போகிறவருக்கு அது மட்டும் போதாது; பழைய தொற்றையும் காட்டிக்கொடுக்கும் ஆன்டி-எச்பிசி என்ற ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி, கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். எப்போதோ வந்து ஆறிப்போனாலும் அதன் டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவில் சிறு வளையமாகத் தங்கிவிடும். அது சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன்கள் நம்முடையவை. அதிலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் பாலிமரேஸும் நம்முடையதே. நம் செல்லின் ஸ்டீராய்டு ஏற்பி வந்து ஒட்டவும் அதில் இடம் உண்டு. ஒட்டினால் வைரஸ் உற்பத்தி கூடும். இத்தனைக்கும் நடுவே அதை அடக்கி வைத்திருப்பது நோயெதிர்ப்பு செல்கள்.

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ரிட்டுக்ஸிமாப், கீமோ, ஸ்டீராய்டு மூன்றும் சேர்த்துத் தரும் ஆர்-சாப் சிகிச்சை இரண்டு பக்கமும் இடிக்கிறது. ரிட்டுக்ஸிமாப், நோயெதிர்ப்பு செல்களில் ஒரு வகையான பி செல்களை ஒழிக்கிறது. சுற்றுக்கு 5 நாள் கொடுக்கும் 100 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அந்த ஏற்பியைத் தூண்டுகிறது. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ரிட்டுக்ஸிமாப்புக்கு இதற்காகக் கட்டமிட்ட எச்சரிக்கையையே சேர்த்தது.

ஆகவே எச்பிஎஸ்ஏஜியோடு டோட்டல் ஆன்டி-எச்பிசியும் பாருங்கள். புதுத் தொற்றில் வரும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடியை மட்டும் பார்த்தால் பழைய தொற்று தெரியாது. ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றும் முன்பே இந்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும். கொடையாளியின் ஆன்டிபாடி கலந்தால் பொய்யாக பாசிட்டிவ் காட்டும். இரண்டில் ஒன்று பாசிட்டிவ் என்றால் எச்பிவி டிஎன்ஏ அளவும் எடுத்து, முதல் ஊசிக்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்க வேண்டும். வழக்கமாக என்டெகாவிர் 0.5 மி.கி. தினம் ஒன்று, வெறும் வயிற்றில்; சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேர இடைவெளி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு மாறும். லாமிவுடின் மலிவுதான், ஆனால் அதற்கு வைரஸின் எதிர்ப்பு சீக்கிரம் உருவாகும்.

கோளாறு பெரும்பாலும் கீமோ முடிந்த பிறகுதான். சிகிச்சை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், மாத்திரை வாங்குவது இந்தப் பக்கம். ‘கீமோதான் முடிஞ்சாச்சே’ என்று ஸ்ட்ரிப் நின்றுபோகும். கடைசி ரிட்டுக்ஸிமாப்புக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் மாத்திரை தொடர வேண்டும். நிறுத்திய பின்பும் ஒரு வருடம் பரிசோதனை உண்டு. முதலில் ஏறுவது வைரஸ் டிஎன்ஏ; பிறகு கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ஸைம்; கண் மஞ்சளாவது கடைசியில். அப்போது கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

மூட்டுவாதத்துக்கும், தோலில் கொப்புளம் வரும் பெம்ஃபிகஸுக்கும் இதே ஊசி போடுகிறார்கள். புற்றுநோய் இல்லையே என்று அங்கே ஆன்டி-எச்பிசி விட்டுப்போவது இன்னும் சுலபம். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் கடைசி ஊசித் தேதியையும், மாத்திரை எதுவரை என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.