கியூப் கணக்கும் குத்துக்கூலியும்: கைத்தொழில் ஆய்வுப் படிவம் பிழைக்கும் இடங்கள்

மணல் குழி, கல்லுடைக்கும் ஆலை, அரிசி ஆலை, தறிக்கூடம் எல்லாவற்றையும் தேடி வருவது ஒரே ஆய்வுதான்: இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வருடாந்தக் கைத்தொழில் ஆய்வு. படிவம் வந்ததும் வரிக்குக் கொடுத்த கணக்கை அப்படியே பார்த்து எழுதிவிடாதீர்கள். வரியாண்டு ஏப்ரலில் தொடங்கும். படிவம் எந்தக் காலத்தைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

மணலில்தான் பெரிய குழப்பம். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆனால் கொப்பியில் இருப்பதோ 'லோட்', அதாவது ஒரு வண்டிப் பெட்டி நிறைய. அந்தப் பெட்டியின் உள்ளளவு 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 60 கன அடிதான், 0.6 கியூப். 400 லோட்டை 400 கியூப் என்று எழுதினால் 160 கியூப் கூடிவிடும். இது உங்கள் குழியோடு முடிவதில்லை. மாதிரியில் அகப்பட்ட சிறிய இடம் அதே அளவிலான வேறு பல இடங்களுக்கும் சேர்த்தே எண்ணப்படுவதால் பிழையும் அத்தனை மடங்காகும். இதைவிட மோசம், அனுமதிப்பத்திரத்தில் உள்ள அளவையே எடுத்து எழுதுவது. அது அள்ளக்கூடிய உச்சம், அள்ளியது அல்ல.

கல்லில் இன்னொரு சிக்கல். பாறையை உடைத்தால் கன அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். வெடி வைத்த பாறையின் அளவா, விற்ற மெட்டலின் (உடைத்த கல்லின்) அளவா என்று குறித்துவிடுங்கள். விலையும் ஆலை வாசலில் உள்ள விலையாக இருக்கட்டும். டிப்பர் கூலி தனி.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் பிழைப்பது வேறு இடத்தில். அயலவரின் நெல்லைக் கூலிக்குக் குற்றினால் உங்கள் வருமானம் குத்துக்கூலி மட்டுமே. அந்த அரிசியின் பெறுமதியை உற்பத்தியில் போட்டு, நெல்லைச் செலவில் போடாமல் விட்டால் சிறு ஆலைகூடக் கோடிக் கணக்கில் பெறுமதி சேர்த்ததாகிவிடும். சொந்த நெல் என்றால் இரண்டையும் எழுதுங்கள். 100 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். 80 என்று வந்தால் எங்கோ பழைய இருப்பு கலந்திருக்கிறது. அதனால்தான் ஆண்டுத் தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் கேட்கப்படுகின்றன. தவிடு விற்ற காசையும் மறக்க வேண்டாம், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

ஆட்கணக்கில் சம்பளம் வாங்காத முதலாளியும், உதவிக்கு நிற்கும் மகனும் சேர்த்தி. மாரி வெள்ளத்தில் குழி மூடும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள். 8 மாதம் 12 பேர், 4 மாதம் 3 பேர் என்றால் சராசரி 9. மருதமுனையில் வீட்டுத் தறியில் நெய்து கொடுப்போரைக் கூடத்து ஆட்களோடு கலக்காமல் தனியாகச் சொல்லுங்கள்.

கிரஷரின், அதாவது கல்லுடைக்கும் இயந்திரத்தின், தேய்ந்த தாடைத் தட்டை மாற்றியது பழுதுபார்ப்புச் செலவு. புதுக் கிரஷர் வாங்கியது மூலதனம். இரண்டையும் செலவாகவே போட்டால் அந்த ஆண்டு ஆலை நட்டத்தில் ஓடியதுபோலத் தெரியும்.

"எழுதினால் வரிக்காரர் வருவார்" என்ற பயத்தில் குறைத்து எழுதுவோரும் உண்டு. புள்ளிவிபரக் கட்டளைச் சட்டத்தின்படி தனி நிறுவனத்தின் விபரத்தை வெளியே கொடுக்க முடியாது. தகவல் தர மறுப்பது குற்றம். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பிரதேச செயலகத்துப் புள்ளிவிபர உத்தியோகத்தரிடம் லோட் கொப்பியோடு போங்கள்.