ரேம் மாற்றிய பின் கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? முதலில் வேலையை நிறுத்துங்கள்

ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கூட்டியதிலிருந்து பிழை காட்டும் நீலத் திரை வருகிறது, கணினி தானாகவே அணைந்து எழுகிறது என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதன் பிறகு அந்தக் கணினியில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலோர் வழக்கமான வேலைகளை நிறுத்தாமல் செய்திருப்பார்கள். சிலர் விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவியிருப்பார்கள். இன்னும் சிலர் பயந்துபோய், கையிலிருக்கும் ஒரே வெளி ஹார்டு டிஸ்க்கில் பழைய நகலின் மேலேயே புதிய நகலை எடுத்து வைத்திருப்பார்கள். இதில் எதைச் செய்திருந்தாலும் எனக்குக் கவலைதான். கணினி நின்றுபோவதை ஒரு தொல்லையாக மட்டுமே அவர்கள் பார்க்கிறார்கள். அதற்கு இடையில், கணினி ஒழுங்காக ஓடுவதுபோலத் தெரியும் நேரத்தில் நடக்கும் சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் சேமிக்கும், நகலெடுக்கும், திருத்தும் கோப்புகளெல்லாம் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே தரவின் மிகச் சிறிய துண்டான பிட் ஒன்று, 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ புரண்டால் போதும். புரண்ட பிட் இயங்குதளத்தின் முக்கியமான பகுதியில் விழுந்தால் நீலத் திரை வரும், உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் கோப்பில் விழுந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. தவறான தரவு அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும்.

என்னிடம் வந்த புகைப்படக் கலைஞர் ஒருவரின் கணினி எப்போதாவதுதான் நின்றது. மற்றபடி வேகம் கூடியிருக்கிறது என்று அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். அந்த நாட்களில் பழைய டிஸ்க்கிலிருந்த திருமணப் படங்களைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழையதை அழித்துவிட்டார். பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மணமகளின் கண்கள் வரை சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்தாற்போல் நிறம் மாறி, கீழ்ப்பகுதி முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினாலே அந்த இடத்துக்குக் கீழே இப்படிக் குலைந்துவிடக்கூடும். மூலப்படம் போய்விட்டது, மீட்க வழியில்லை.

ஆகவே சந்தேகம் வந்த உடனே கணினியை அணையுங்கள். புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள். அவசரமாக எடுக்க வேண்டிய கோப்புகள் இருந்தால் அதற்குப் பிறகு எடுங்கள். அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி எடுங்கள். பழைய காப்பு நகலை இந்தக் கணினியின் பக்கமே கொண்டுவராதீர்கள். விண்டோஸை மீண்டும் நிறுவும் யோசனையையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பழுதான ரேமின் வழியாக நிறுவப்படும் இயங்குதளம் பிறக்கும்போதே பழுதோடு பிறக்கும். பிறகு ரேமை மாற்றினாலும் கோளாறு தொடரும், காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

பழைய ரேமோடு அதே வேலைகளைச் சில நாட்கள் செய்து பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. நின்றுபோவது தொடர்ந்தால், குற்றவாளி பெரும்பாலும் புதிய ரேம் இல்லை. பெட்டியைத் திறந்தபோது ஏதோ ஒரு மின்கம்பி தளர்ந்திருக்கலாம். அதே வாரத்தில் வந்த டிரைவர் (ஒரு பாகத்தை இயக்க உதவும் மென்பொருள்) புதுப்பிப்பு காரணமாக இருக்கலாம். நீலத் திரையில் வரும் பிழைப் பெயர்களையும் குறித்துவையுங்கள். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், அடுத்து ஐஆர்கியூஎல் என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால் என் சந்தேகம் ரேம் பக்கம் போகும். எப்போதும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரை முதலில் பார்ப்பேன்.

இனி காரணங்கள். சரியாகப் பொருந்தாத ரேம்தான் மிகச் சாதாரணமான காரணம். பல மதர்போர்டுகளில் (பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) ரேம் மாட்டும் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். அந்தப் பக்கம் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம், மறுமுனை ஒரு மயிரிழை மேலே தூக்கி நிற்கும். கணினி எழும்பும், ஓடும், சூடேறியதும் தொடர்பு விட்டுவிடும். இரண்டு முனைகளையும் அழுத்தி, பக்கவாட்டில் குனிந்து பார்த்து, விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டின் கையேட்டில் படத்தோடு இருக்கும்.

தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்ப்பது எங்கும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். முலாம் மெல்லியது, தேய்ந்துபோகும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டினால் போதும். மாட்டுவதற்கு முன் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். மடிக்கணினி என்றால் உள்ளிருக்கும் பேட்டரியின் இணைப்பையும் கழற்ற வேண்டும், அணைத்த நிலையிலும் போர்டில் மின்சாரம் இருக்கும். கையிலிருக்கும் நிலைமின்சாரத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். விரலில் சுருக்கென்று நாம் உணர்வதற்குச் சுமார் 3000 வோல்ட் வேண்டும். அதைவிட மிகக் குறைந்த அளவே சிப்பைக் காயப்படுத்திவிடும். அப்படிக் காயப்பட்ட சிப் உடனே சாகாமல், பல மாதங்கள் கழித்துத் தடுமாறத் தொடங்கவும் கூடும்.

வகை மாறிப்போவதும் உண்டு. மேசைக்கணினிக்கான டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ரேமுக்கும் 288 முனைகள்தான், ஆனால் விளிம்பிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி மாட்ட முடியாது. அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். ஏமாற்றுவது வேறு இரண்டு. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை டிடிஆர்4 ரேம், சாதாரண போர்டில் அழகாகப் பொருந்தும், கணினி எழும்பாது. பழைய மடிக்கணினிகளில் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் கேட்கும் இடத்தில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால், எழும்பாமலும் போகலாம், எழும்பிவிட்டு நடுவில் நிற்கவும் செய்யலாம்.

இவற்றையெல்லாம் தாண்டி, எல்லாம் சரியாக இருந்தும் கணினி நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது வேகம். பெட்டியின் மேல் 3600 என்று அச்சிட்டிருப்பதை, அந்த ரேமின் இயல்பான வேகம் என்றே வாங்குபவர் நினைக்கிறார். டிடிஆர்4 தரநிலையின் உச்சம் 3200. அதற்கு மேல் உள்ளதெல்லாம் இயல்பை மீறி ஓட்டுவது. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கும்போது ரேமின் வேகத்தோடு மின்னழுத்தமும் கூடுகிறது: டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35க்கு. ரேம் அதைத் தாங்கலாம். ஆனால் ரேமோடு அதே வேகத்தில் பேச வேண்டிய மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது, அது தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கணினி நிற்கிறதென்றால் இந்த அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வேகக் குறைவு அன்றாட வேலையில் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

இருக்கும் இரண்டோடு இன்னும் இரண்டு சேர்ப்பவர்களும் இதே வலையில் சிக்குகிறார்கள். எண்ணிக்கை கூடினால் கன்ட்ரோலரின் சுமை கூடுகிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு டிடிஆர்5 ரேமுக்கு நிறுவனம் சொல்லும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600. ஆறாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜோடியின் பக்கத்தில் இன்னொரு ஜோடியை வைத்துவிட்டு அதே ஆறாயிரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே நிறுவனம், அதே மாடல் எண் என்றாலும், வெவ்வேறு காலத்தில் தயாரானவற்றுக்குள் இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். அதிக ரேம் வேண்டுமானால், பழையதை விட்டுவிட்டுத் தேவையான அளவில் ஒரே ஜோடியாக வாங்குங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். இன்னொன்று: டிடிஆர்5 ரேமை முதன்முறை மாட்டும்போது, கணினி தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று மின்சாரத்தைத் துண்டிக்காமல் காத்திருங்கள்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ் போன்ற இலவச நிரல் போதும். பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியை எழுப்பி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தினால் சூட்டில் மட்டும் தலைகாட்டும் பிழை தப்பிவிடும். விண்டோஸோடு வரும் சோதனைக் கருவி பிழை சொன்னால் நம்பலாம். பிழையில்லை என்று சொன்னால் அதோடு திருப்தியடையக் கூடாது. கோடிக்கணக்கான இடங்களில் ஒன்றிரண்டு தவறுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதில் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை அப்படியே பயன்படுத்த முடியாது.

பிழை வந்தால் ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். தேறிய ஒன்றை எடுத்து மற்ற ஸ்லாட்டுகளில் மாற்றி மாற்றி வையுங்கள். ரேமோடு பிழை நகர்ந்தால் ரேம் பழுது. ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டையோ பிராசசர் இருக்கையில் வளைந்த ஊசியையோ பார்க்க வேண்டும். தனித்தனியாகத் தேறி, சேர்ந்து இருக்கும்போது மட்டும் பிழை வந்தால் வேகமும் கலப்பும்தான் காரணம். புதிய பயாஸ் இதைச் சரிசெய்வதுண்டு. ஆனால் பயாஸ் புதுப்பிப்பை, பிழையில்லாமல் ஓடிய பழைய ரேமை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். நடுவழியில் கணினி நின்றால் போர்டே போய்விடக்கூடும்.

டிடிஆர்5 சிப்புகளுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் பார்க்கும். சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் கெடுவதை அது காக்காது.

ரேம் தேறிய பிறகுதான் டிஸ்க் சோதனையையும் விண்டோஸின் கோப்புச் சோதனையையும் ஓட்ட வேண்டும். பழுதான ரேமோடு ஓட்டினால், நன்றாக இருப்பதையே அவை கெடுத்துவிடக்கூடும். ஜோடியில் ஒன்று மட்டும் பழுது என்றாலும் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்துப் புதிய ஜோடி வாங்குங்கள். பிறகு, பழுதான ரேம் இருந்த நாட்களில் எழுதப்பட்ட கோப்புகளைத் தேதி வாரியாகப் பிரித்துத் திறந்து பாருங்கள். சுருக்கிய கோப்புகளுக்கு, அவற்றைச் சுருக்கும் நிரலிலேயே பெரும்பாலும் சோதனை வசதி இருக்கும். பழைய நகல் உள்ளவற்றை அதோடு ஒப்பிடுங்கள். படங்களைச் சிறுபடமாகப் பார்த்துவிட்டுச் சரியென்று விடாதீர்கள். பல படங்களில் சிறுபடம் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அது நன்றாகத் தெரியும்போதே உள்ளிருக்கும் படம் கெட்டிருக்கலாம். இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை பழைய காப்பு நகல் எதையும் அழிக்காதீர்கள்.