‘சிக்னிபிகன்ட்’ என்றால் முக்கியமானதா?

திருகோணமலையில் ஆசிரியர்கள் தங்கள் செயல்நிலை ஆய்வுகளை, அதாவது சொந்த வகுப்பறையில் செய்த ஆய்வுகளை, பார்த்துத்தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவதுண்டு. போன கிழமை வந்த ஒன்றில், தரம் 4 பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் நடத்திய வாசிப்புத் திட்டம் ‘முக்கியமான மாற்றத்தை’ உண்டாக்கியது என்றிருந்தது. புள்ளிவிபரவியலில் வரும் ‘சிக்னிபிகன்ட்’ (significant) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார். கணக்கு சரி. சொல் பிழை.

லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் குறி, ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த ‘சிக்னிபிகன்ட்’ என்ற சொல்லுக்கு அடிப்படையில் குறித்தல், சுட்டிக்காட்டுதல் என்றுதான் பொருள். 1885இல் எட்ஜ்வர்த் என்ற புள்ளிவிபரவியலாளர் இதைப் புள்ளிவிபரவியலுக்குள் கொண்டுவந்தபோதும் அந்தப் பொருளில்தான்: கண்ணில் பட்ட வேறுபாடு உண்மையான ஒரு வேறுபாட்டைக் குறிக்கிறதா, இல்லை தற்செயலா? தற்செயலாக வரும் வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கு இருபதில் ஒன்று, அதாவது 0.05 என்ற எல்லையை 1925இல் புள்ளிவிபரவியலாளர் ஃபிஷரின் நூல் பரப்பிவிட்டது. பெரியது, பெறுமதியானது என்ற எண்ணம் பேச்சு வழக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இதைக் கண்டறியும் சோதனை என்ன செய்கிறது என்பதை மேசையிலேயே பார்க்கலாம். திட்டத்தில் இருந்த 25 பேர், இல்லாத 25 பேர், இரண்டு பக்கத்து இடைகளுக்கும் (சராசரிகளுக்கும்) வித்தியாசம் 4 புள்ளி என்று வையுங்கள். ஐம்பது விடைத்தாளையும் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து, யார் எந்தப் பக்கம் என்று பாராமல் இரண்டு அடுக்காகப் பிரித்து, மறுபடி இடை பாருங்கள், இப்படியே ஆயிரம் தடவை செய்தால் எத்தனை தடவை 4 அல்லது அதற்கு மேல் வருகிறது? நூற்றுக்கு ஐந்தை விடக் குறைவென்றால்தான் வேறுபாடு எதையோ குறிக்கிறது என்போம். நியம விலகல், அதாவது புள்ளிகள் இடையிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 12 என்றால் அதே 4 புள்ளி தேறாது, 6 என்றால் தேறிவிடும். பக்கத்துக்கு 2500 பிள்ளைகள் இருந்தால், விலகல் 12ஆக இருந்தாலும் ஒரேயொரு புள்ளி வித்தியாசம்கூடத் தேறும், அதை யாராவது முக்கியம் என்பார்களா?

ஆகவே ‘முக்கியத்துவம்’ வேண்டாம். ‘குறிப்பிடத்தக்க’ என்பதில் குறி இருக்கிறது, ஆனால் நம் காதில் அது ‘கணிசமான’ என்றே விழுகிறது. தமிழகப் பாடநூல்களின் ‘மிகைகாண்’ என்பதும் அளவைத்தான் நினைவூட்டுகிறது. ‘எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே’ என்கிறது தொல்காப்பியம். சொல் பொருளைக் குறிப்பது போல இங்கே வேறுபாடு ஒன்றைக் குறிக்கிறது, அதனால் ‘பொருளுள்ள வேறுபாடு’ என்றே நான் எழுதுகிறேன். அதற்கும் எல்லை உண்டு: தற்செயல் என்று சொல்லிவிட முடியாது என்பதோடு அது நின்றுவிடும். இரண்டு வகுப்புக்கும் இரண்டு ஆசிரியர் என்றால், காரணம் திட்டமா ஆசிரியரா என்று சோதனையில் வரும் எந்த எண்ணும் சொல்லாது.

வசனத்தை இப்படி மாற்றினோம்: “இரு வகுப்பின் புள்ளிகளிலும் பொருளுள்ள வேறுபாடு காணப்பட்டது.” அப்புறம் கேட்டேன், முக்கியமான மாற்றம் என்று நீங்கள் எதைக் கண்டீர்கள் ரீச்சர்? “வரிக்குக் கீழ விரல் வச்சு எழுத்துக்கூட்டின பிள்ளை ஒண்டு, இப்ப விரலை எடுத்திட்டுது சேர்” என்றார். அதையும் தனிப் பந்தியாக எழுதச் சொன்னேன்.