சுட்ட தோட்டாக்கூட்டைக் கழுவுவதும் கெடுப்பதும்

துப்பாக்கி வெடித்ததும் மருந்து எரிந்துவிடும், குண்டு பறந்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும். ஒரு தோட்டாவில் விலை கூடுதலான பகுதி பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர் அந்தக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புது பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்), மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். (இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.) நிரப்புவதற்கு முன்னால் வரும் வேலை, கழுவுவது. வேதியியல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கூட்டின் உலோகத்தில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும் கணத்தில், .308 வின்செஸ்டர் போன்ற ரைபிள் தோட்டாவுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 4,000 மடங்கு ஏறும். கூடு விரிந்து, தான் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். உடனே சற்றுச் சுருங்கிக் கழன்று வரவும் வேண்டும். இதைப் பலமுறை தாங்குவதால்தான் பித்தளைக்கு இந்த மவுசு.

அழுக்கு இரண்டு வகை. ஒன்று, மருந்து எரிந்த கரி. இன்னொன்று, மேற்பரப்பைக் கறுக்கச் செய்யும் ஆக்சைடு. உலர்முறையில், அதிரும் கிண்ணத்தில் நொறுக்கிய வால்நட் ஓட்டையோ சோளச் சக்கைத் தூளையோ போட்டுக் கூடுகளைச் சில மணி நேரம் உருளவிடுவார்கள். வெளிப்புறம் மினுங்கும்; பிரைமர் உட்காரும் குழியில் கரி அப்படியே இருக்கும். ஈரமுறையில் சுழலும் பீப்பாய்: தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகள். சிறிது நேரத்திலேயே தண்ணீர் மைபோலக் கறுத்துவிடும். பிரைமர் குழியின் மூலைவரை ஊசி நுழைந்து சுரண்டியிருக்கும். கூட்டின் கழுத்துக்குள் இரண்டு ஊசிகள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுப்பதும் உண்டு. ஒவ்வொரு கூட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

அமிலத்தின் வேலை ஆக்சைடோடு மட்டும். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது டார்டாரிக் அமிலம் செய்வதும் இதையேதான். நீர்த்த அமிலம் ஆக்சைடைச் சட்டென்று கரைக்கும், அடியிலிருக்கும் செம்பை எளிதில் தொடாது. ஆனால் துத்தநாகம் அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை. அமிலம் கூடினாலோ, ஊறும் நேரம் நீண்டாலோ அது கரைந்து வெளியேற, கூடு இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த நிறத்தைக் கண்டால் ‘நன்றாகச் சுத்தமாகிவிட்டது’ என்று மகிழக் கூடாது.

அதைவிட மோசமான எதிரி அமோனியா. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாத தோட்டாக்களின் கூட்டில் விரிசல்! மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினார்கள். பித்தளைத் தகட்டை அழுத்தி இழுத்துக் கூடாக்கும்போது உலோகத்துக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து செம்பைப் பிணைத்துக் கரைக்கிறது. அந்த அரிப்பு உலோகத்தின் மணிகளுக்கு (அது ஆகியிருக்கும் நுண்படிகங்களுக்கு) இடையிலான எல்லைகளில் இறங்க, உள்ளே காத்திருந்த இழுவிசை பிளந்துவிடுகிறது. ஈரம், அமோனியா, இழுவிசை மூன்றும் சேர வேண்டும். கூட்டை மிதமாகச் சூடாக்கி இழுவிசையைத் தளர்த்தினால் பிரச்சினை பெரிதும் அடங்கும். அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷைத் தோட்டாக்கூட்டில் தடவாதே என்று அனுபவசாலிகள் கத்துவது இதனால்தான்.

கழுவிய கூட்டை உலர்த்த வெயிலோ மிதமான சூடோ போதும். அவசரப்பட்டு நெருப்பில் காட்டினால் அடிப்பகுதி இளகி, அடுத்த முறை சுடும்போது அழுத்தத்தைத் தாங்காமல் போகலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தொல்லை, ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் என்ற, ஈயம் கலந்த வெடிபொருள் இருக்கிறது; எரிந்தபின் அதன் எச்சம் கரியோடு கலந்திருக்கும். உலர்முறைத் தூளைச் சலிக்கும்போது எழும் தூசியில் அது பறக்கும், மூச்சில் போகும். ஈரமுறையில் தூசி இல்லை, ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கைவைக்க வேண்டும்.